மோருக்கு மோர் உறவில்லை

ஓசை ஒன்றானால் வேரும் ஒன்று என்கிறார்கள். கொரியாவில் அப்பாவை அப்பா என்றுதான் அழைக்கிறார்கள்; சீனத்தில் 'நீ' என்றால் நீதான்; ஆங்கிலேயன் எட்டை 'எய்ட்' என்கிறான். ஆகவே இவை எல்லாம் தமிழிலிருந்து போனவை. பட்டிமன்ற மேடையில் தவறாமல் கைதட்டல் வாங்கும் வாதம் இது. விழா மலர்களில் பக்கம் பக்கமாக அச்சேறும் வாதமும் இதுவே. இது தவறான வாதம்; அதைவிட, தமிழுக்கே கெடுதல் செய்யும் வாதம்.

எதிர்க்கட்சியின் தரப்பை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுவோம். தமிழ் பழைய மொழி. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் இடையறாமல் வந்திருக்கிறது. தமிழ் வணிகர் கடல் கடந்தார்கள். சுமத்ராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்தது. ஆள் போன இடத்துக்குச் சொல்லும் போகும். ஐரோப்பியரும் சொற்களை ஒப்பிட்டுத்தானே மொழிக்குடும்பம் கண்டார்கள், அவர்கள் செய்தால் அறிவியல், நாம் செய்தால் மூடநம்பிக்கையா? ஒன்றிரண்டு சொல் ஒத்தால் தற்செயல் எனலாம். நூறு சொல் ஒத்தாலுமா? ஞா. தேவநேயப் பாவாணர் வாழ்நாள் முழுவதும் வேர்ச்சொல் தேடி உழைத்தார். அந்த உழைப்பை எள்ளி நகையாட எவருக்கும் தகுதியில்லை.

பழமை மெய், கடலோட்டம் மெய், உழைப்பும் மெய். இவற்றிலிருந்து 'ஓசை ஒத்தால் உறவு' என்ற முடிவு மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத் தரங்கம்பாடிக் கரையில் நின்று பார்ப்போம். ஒரே கடற்கரையில் இத்தனை மொழிகள் கடை விரித்த இடம் தமிழ்நாட்டில் வேறு அதிகம் கிடையாது.

1. மோர் என்றால் என்ன?

தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தபின் நிற்பது. உப்பும் பெருங்காயமும் போட்டுக் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டால் வெயிலுக்கு இதம். இது தமிழ் மோர். 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டைச் சிப்பாய்க்கு 'மோர்' என்றால் தாய். தெற்கே காரைக்காலை 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அவர்கள் வாயில் 'மோர்' என்றால் சாவு. அதற்கும் தெற்கே நாகப்பட்டினத்தில், 1658-ல் டச்சுக்காரர் கைப்பற்றும்வரை போர்த்துகீசியர் இருந்தார்கள். அவர்களுடைய தலைமைத் தளபதி 'கப்பித்தான்-மோர்', அங்கே மோர் என்றால் தலைமை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஜெர்மானியர். அவருடைய தாய்மொழியில் 'மோர்' சதுப்பு நிலம். தஞ்சை அரண்மனையில் 1855 வரை இருந்த மராத்திய மன்னர்களுக்கு மோர் என்றால் மயில். 1845-ல் தரங்கம்பாடியை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயனுக்கு 'மோர்' என்றால் இன்னும் கொஞ்சம்.

ஒரு டெல்டா, ஏழு மொழி, ஏழு பொருள். ஓசை-உறவுக் கட்சி இதை என்ன செய்யும்? எளிது. பால் தருபவள் தாய், பாலிலிருந்து வருவது மோர். ஆகவே தாய் மோரானாள். மோர் குளிர்ச்சி, உயிர் போன உடலும் குளிர்ச்சி. ஆகவே சாவு மோரானது. நீர் விட விட மோர் பெருகும், ஆகவே 'இன்னும்'. நீர் தேங்கினால் சதுப்பு. பந்தியில் மோர் வந்தால் சாப்பாடு முடிவுக்கு வருகிறது, முடிவு சொல்பவன் தலைவன். மயிலை மட்டும் கொஞ்சம் யோசித்தால் அதையும் கட்டிப் போட்டுவிடலாம். இந்த முறைக்கு அகப்படாத சொல் உலகத்தில் கிடையாது, அதுதான் அதன் நோய். எதை வைத்தாலும் 'ஆம்' என்று சொல்லும் சோதனை சோதனையே அல்ல.

உண்மை வரலாறு வேறு. டேனிஷ் மோர், 'மோதர்' என்ற சொல்லின் குறுக்கம். சம்ஸ்கிருத மாத்ருவுக்குத் தூரத்துச் சகோதரி. பிரெஞ்சு மோரின் கடைசியில் ஊமையாக ஒரு 'த்' எழுதப்படுகிறது. அது லத்தீன் 'மோர்த்தெம்' வழி வந்தது, நாம் அறிந்த மிருத்யுவோடு உறவுள்ளது. போர்த்துகீசிய மோர், 'பெரியது' என்ற பொருள்தரும் லத்தீன் 'மயோர்' தேய்ந்தது. ஆங்கில மோர், பழைய ஆங்கில 'மாரா'விலிருந்து வந்தது. இந்தக் கடைசி இரண்டையும் கவனியுங்கள். இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், ஒரே ஓசை, பொருளும் கிட்டத்தட்ட ஒன்று: பெரியது, அதிகம். அப்படியும் வேர் வேறு வேறு! ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஒப்புமை இப்படி ஏமாற்றுகிறது என்றால், உறவே இல்லாத மொழிகளுக்கிடையில் அதை எப்படி நம்புவது?

2. எத்தனை ஓசைகள்தான் இருக்கின்றன?

'நூறு சொல் ஒத்தாலும் தற்செயலா?' என்ற கேள்விக்குக் கணக்கே பதில். மோர், கால், வேர், மீன், தேன் போல ஒரு மெய், ஒரு நெடில், கடைசியில் ஒரு மெய் என அமையும் ஓரசைச் சொற்களை எடுப்போம். தமிழில் சொல்லுக்கு முதலில் வரும் மெய்கள் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என 9. நெடில் 7. இறுதியில் வரக்கூடியவை ண், ம், ய், ர், ல், ழ், ள், ன் என 8 என்று வைத்துக்கொள்வோம். 9 × 7 × 8 = 504. சில எழுத்துகள் எல்லா உயிரோடும் சேர்ந்து சொல் முதலில் வாரா என்று இலக்கணம் தடை போடுவதால் உண்மைத் தொகை இன்னும் குறையும். ஐந்நூறு அச்சுகளுக்குள் உலகத்தின் ஆயிரக்கணக்கான மொழிகளும் தங்கள் சிறு சொற்களைத் திணித்தால் மோதாமல் எப்படி இருக்கும்? மோதாவிட்டால்தான் அதிசயம்.

இதில் பொருளையும் நெகிழ விட்டால் கேட்கவே வேண்டாம். 'வெட்டு' என்ற பொருளுக்கு 'பிரி', 'அறு', 'கூர்', 'கத்தி', 'போர்' எல்லாம் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சொல்லுக்கு ஒரு வாய்ப்பாக இருந்தது ஆறாகிறது. நூறு ஒப்புமை கண்டவர் நூறு சான்று காணவில்லை; வலையின் கண்ணைக் குறுக்கி, அகப்பட்ட குப்பையையும் மீனென்று எண்ணியிருக்கிறார்.

3. எழுத்தை நம்பி ஓசையை மறக்கலாமா?

மேலே ஏழு மோர்களையும் ஒன்றுபோல எழுதினேன். ஒன்றாக்கியது தமிழ் எழுத்து. டேனிஷ் மோரின் ர் பாதி உயிரொலியாகக் கரைந்துவிடும். பிரெஞ்சு ர் தொண்டையின் அடியில் உரசும். தமிழ் ர் நுனிநாக்கில் பிறக்கும். அவரவர் காதுக்கு இவை மூன்றும் மூன்று. நம் வரிவடிவத்தில் ப என்ற ஒரே எழுத்து, பல மொழிகள் இரண்டாகவும் நான்காகவும் பிரித்து எழுதும் ஒலிகளைச் சுமக்கிறது. க, ச, ட, த ஆகியவையும் அப்படியே. தமிழின் ஒலி ஒழுங்குக்கு இந்தச் சிக்கனம் மிகப் பொருத்தம். ஆனால் அயல்மொழிச் சொல்லை இந்த எழுத்தில் பெயர்த்து எழுதிவிட்டு, 'பாருங்கள், அப்படியே இருக்கிறது' என்றால், ஒப்புமையை உண்டாக்கியது நாமே. பார்க்கப்போவதை முன்பே செய்து வைத்துவிட்டுப் பிறகு கண்டுபிடிப்பதில் என்ன வியப்பு?

4. சொந்த ஊரின் பெயரிலேயே வழுக்கி விழுகிறோம். உலகத்துக்கு எங்கே பொருள் சொல்வது?

தரங்கம் என்றால் அலை. தரங்கம்பாடி 'அலைகள் பாடும் ஊர்'. சுற்றுலா விளம்பரங்கள் இப்படித்தான் சொல்கின்றன. படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் வாணியம்பாடியில் யார் பாடினார்கள்? காட்பாடியில் காடு பாடியதா? ஆயர்பாடியில் ஆயர்கள் குழலூதியிருக்கலாம். ஊர்ப் பெயரில் உள்ள 'பாடி' அதுவல்ல, அது குடியிருப்பு. பாடு என்ற வினையின் எச்சமும் பாடி, குடியிருப்பும் பாடி, ஆஸ்பத்திரி வாசலில் 'பாடி எப்போ தருவாங்க?' என்று கேட்கும்போது அது ஆங்கிலப் பிணம். துணிக்கடையில் அதே சொல் உள்ளாடை. நான்கும் ஒரே எழுத்து. ஊர்ப் பெயரின் முற்பகுதியும் இன்றைய வடிவில் தொடக்கத்திலிருந்து இருந்ததல்ல. கடல் அரித்துக்கொண்டிருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இந்த ஊரைச் 'சடங்கன்பாடி' என்கிறது. அதில் அலையும் இல்லை, பாட்டும் இல்லை. இன்றைய உருவத்தை வைத்து நேற்றைய பொருளை ஊகிப்பவருக்குக் கல்வெட்டு இடைஞ்சல்தான்.

டேனிஷ்காரன் இதே முறையைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? அவன் எழுதிய பெயர் 'ட்ராங்கேபார்'. அவன் மொழியில் 'ட்ரான்' என்றால் மீன், திமிங்கிலம் முதலியவற்றின் எண்ணெய். 'பார்' என்றால் வெறுமையானது. மீனெண்ணெய் நாறும் வெறுங்கரை, ஆகவே ஊர்ப் பெயர் டேனிஷ் என்று அவன் சொன்னால் நாம் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நம் பக்கத்து வாதங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்பது நியாயம்.

5. பின்னோக்கி நடந்தால் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா?

உறவுள்ள சொற்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. பழங்காலத்தை நோக்கிப் போகப் போக அவை ஒன்றையொன்று நெருங்கும். தற்செயலாக ஒத்தவை போகப் போக விலகும். 'எட்டு–எய்ட்' என்ற பட்டிமன்றச் செல்லப்பிள்ளையை இந்த வழியில் நடக்க விடுங்கள். ஆங்கில எய்ட்டில் இன்று எழுத்தில் மட்டும் நிற்கும் ஊமை ஒலி முன்பு வாயிலும் இருந்தது. ஜெர்மனில் 'அக்ட்', லத்தீனில் 'ஒக்தோ', சம்ஸ்கிருதத்தில் 'அஷ்ட'. தமிழ் எட்டு எங்கே போகிறது? எண்பது, எண்ணூறு என்ற சொற்களைப் பாருங்கள், வேர் 'எண்'. கன்னடத்தில் இன்றும் 'எண்ட்டு', தெலுங்கில் 'எனிமிதி'. ஒரு பக்கம் 'ஒக்தோ', மறுபக்கம் 'எண்'. முன்னால் போகப் போக ஒத்தவை, பின்னால் போகப் போக அந்நியர். இரண்டு மொழிகளும் தத்தம் பாதையில் தேய்ந்து ஒரு முனையில் முட்டிக்கொண்டன, அவ்வளவுதான்.

மராத்தி மோரையும் இதே வழியில் அனுப்புவோம். அது பிராகிருதம் வழியாகச் சம்ஸ்கிருத 'மயூர'த்துக்குப் போகிறது. தரங்கம்பாடி இன்று இருக்கும் மாவட்டத்தின் தலைநகருக்கு மாயூரம் என்று ஒரு பெயர் இருந்ததும் அதனால்தான். அந்த 'மயூரம்' திராவிட வேரிலிருந்து வடமொழி வாங்கிய கடனாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். எந்தச் சொல்லின் வேர்? மயில். அதாவது மராத்தி மோருக்குத் தமிழில் உறவு இருந்தால், அது அச்சு அசலாக ஒத்திருக்கும் மோரிடம் இல்லை. ஒத்தே இல்லாத மயிலிடம் இருக்கிறது. ஓசையை மட்டும் பிடித்துத் தொங்குபவர் கையில் மோர் மிஞ்சும், மயில் பறந்துவிடும்.

6. உறவினர் ஒரே முகமாகத்தான் இருக்க வேண்டுமா?

மொழியியல் கண்ட மிகப் பெரிய உண்மை இங்கேதான் இருக்கிறது: உறவைக் காட்டுவது ஒப்புமை அல்ல, ஒழுங்கான வேற்றுமை. பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து, பாம்பு–ஹாவு. தமிழில் ப என்று தொடங்கும் இடத்தில் கன்னடம் வரிசையாக ஹ போடுகிறது. பழைய கன்னடக் கல்வெட்டுகளுக்குப் போனால் அங்கும் ப இருக்கிறது. பாம்புக்கும் ஹாவுக்கும் ஓசை ஒப்புமை குறைவு, உறவு உறுதி. மோருக்கும் மோருக்கும் ஓசை ஒப்புமை முழுமை, உறவு சூனியம்.

இந்த வழியை ஐரோப்பாவில் வகுத்தவர்களில் முதன்மையானவர் ஒரு டேனிஷ்காரர். ராஸ்முஸ் ராஸ்க் 1818-ல் வெளியிட்ட நூலில், லத்தீன், கிரேக்க மொழிகளின் ப இருக்கும் இடத்தில் வடஐரோப்பிய மொழிகள் ஃப வைப்பதை எடுத்துக் காட்டினார்: லத்தீன் 'பாத்தெர்', டேனிஷ் 'ஃபாதர்', லத்தீன் 'பிஸ்கிஸ்', டேனிஷ் 'ஃபிஸ்க்'. சொற்கள் ஒத்திருப்பது நம்பத்தகாத சான்று, ஏனெனில் சொற்கள் கடனாகப் போகும். இலக்கண அமைப்பு ஒத்திருப்பதே உறுதியான சான்று என்றும் அவர் எச்சரித்தார். பிறகு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, சுவடிகள் சேகரித்துக்கொண்டு 1823-ல் கோபன்ஹேகன் திரும்பினார். 'ஐரோப்பியர் செய்தால் அறிவியல், நாம் செய்தால் மூடநம்பிக்கையா?' என்ற கேள்விக்கு இதுவே விடை. யார் செய்கிறார் என்பது பொருட்டல்ல. எப்படிச் செய்கிறார் என்பதே பொருட்டு. ஓசையை மட்டும் வைத்துச் செய்த ஐரோப்பியரும் கேலிப்பொருளானார்கள். கொரோப்பியுஸ் பெக்கானுஸ் என்பவர் 1569-ல், ஆதாம் ஏதேன் தோட்டத்தில் பேசியது தம் ஊரான ஆண்ட்வெர்ப்பின் மொழிதான் என்று சொற்பிளவு செய்து 'நிறுவினார்'. அவர் பெயரையே கிண்டல் வினையாக்கிவிட்டார்கள்.

7. பொருளும் ஒத்தால்?

ஓசையும் பொருளும் சேர்ந்தே ஒத்தாலும் போதாது. சீன 'நீ'யும் தமிழ் 'நீ'யும் இரண்டுமே முன்னிலை ஒருமை. பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியிலும் நீ என்றால் நீதான். பிராகுயி நீ உறவு, சீன நீ தற்செயல் என்கிறோமே, பாரபட்சமா? இல்லை. பிராகுயியில் இரண்டு 'இரட்', மூன்று 'முசிட்'. பெயரும் வினையும் திரியும் முறையிலும் திராவிட எலும்புக்கூடு தெரிகிறது. சீனத்தில் இரண்டு 'அர்', மூன்று 'ஸான்'; வினை திரிவதே இல்லை. உறவு ஒரு சொல்லில் தொங்குவதில்லை. வலைப்பின்னலாக வர வேண்டும்.

அப்பா, அம்மா விஷயம் இன்னும் எளிது. குழந்தையின் உதடு முதலில் சேர்ந்து பிரியும்போது வருவது ம, ப. அதைத் தன்னை அழைப்பதாக எடுத்துக்கொள்வது அருகில் இருக்கும் பெரியவர். ரஷ்யாவில் மாமா என்றால் அம்மா. ஜார்ஜியாவில் மாமா என்றால் அப்பா. நமக்கு மாமா அம்மாவின் அண்ணனோ தம்பியோ. மொழியியலாளர் ரோமன் யாகப்சன் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். மழலையின் வாயைத் தமிழ் எங்கும் ஏற்றுமதி செய்யவில்லை.

8. போன வழி எது?

சொற்கள் கடல் கடந்தன என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடந்த சொல் தடம் விட்டுச் செல்லும். கட்டுமரம் ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்தது. சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்துக்குப் போயின. எதிர்த் திசையில் போர்த்துகீசியத்திலிருந்து சாவி, சன்னல், அலமாரி, ஏலம் வந்தன. டச்சிலிருந்து துட்டும் கக்கூசும் வந்தன. ஒவ்வொன்றிலும் பொருள் கையில் இருக்கிறது, துறைமுகம் தெரிகிறது, காலம் தெரிகிறது, கொண்டு வந்த ஆள் தெரிகிறார். சொல் தனியே நீந்தி வராது. சாமான் வரும்போது கூடவே இறங்கும்.

ஆட்சி இருந்தாலே சொல் வந்துவிடும் என்பதும் இல்லை. டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் 225 ஆண்டு இருந்தார்கள். ஆனாலும் நம் பேச்சில் போர்த்துகீசியம் பதிந்த அளவு டேனிஷ் பதியவில்லை. காரணம், இந்தக் கரையில் ஐரோப்பியரும் உள்ளூர்க்காரரும் பேசிக்கொள்ளப் போர்த்துகீசியம்தான் பொதுமொழியாக இருந்தது. சீகன்பால்கே தமிழோடு அதையும் கற்க வேண்டியிருந்தது. இரண்டேகால் நூற்றாண்டு ஆண்டவர்களாலேயே சாதிக்க முடியாததை, வணிகம், குடியேற்றம், கல்வெட்டு என எந்தத் தடமும் காட்டாமல் தமிழ் உலகம் முழுவதும் சாதித்தது என்றால், வழியைக் காட்டும் பொறுப்பு சொல்பவருடையது.

இதனால் யாருக்கு என்ன நட்டம், பெருமையாக நினைத்துவிட்டுப் போகட்டுமே என்பவர்கள் உண்டு. நட்டம் இரண்டு.

ஒன்று, இந்த ஆயுதத்துக்கு உறை இல்லை. யார் எடுத்தாலும் வெட்டும். வத்திக்கான் என்பது 'வாடிகா', கிறிஸ்தவம் என்பது 'கிருஷ்ண நீதி' என்று பி. என். ஓக் எழுதினார். அவர் பயன்படுத்தியது அட்சரம் பிசகாமல் இதே முறை. உலகம் முழுவதும் தமிழ் என்பதை இந்த முறையால் ஏற்பவருக்கு, தமிழ் உட்பட எல்லாம் சம்ஸ்கிருதம் என்பதை மறுக்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இரண்டு, நம்மிடம் இருக்கும் மெய்யான சான்று மலிந்துபோகிறது. தெலுங்கும் கன்னடமும் வடமொழிச் சொற்களால் நிரம்பி வழிந்த நிலையில், 'சொற்களின் ஒப்புமையைப் பார்த்து ஏமாறாதீர்கள். வேர்களையும் இலக்கணத்தையும் பாருங்கள்' என்ற வாதத்தால்தான் எல்லிஸ் 1816-லும் கால்டுவெல் 1856-லும் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவினார்கள். தமிழ் வடமொழியின் பிள்ளை அல்ல என்ற வழக்கில் நாம் வென்றது அந்தச் சட்டத்தால். வென்றபின் அதே சட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தோற்றவர்களின் வாதத்தைக் கையில் எடுப்பது என்ன புத்திசாலித்தனம்? உலக அரங்கில் ஒருவர் நூறு போலி ஒப்புமைகளைக் கொட்டினால், நூற்றோராவதாக நிற்கும் மெய்ச்சான்றையும் கேட்க ஆளிருக்காது.

தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்ட சுசுமு ஓனோவின் முடிவைப் பெரும்பாலான மொழியியலார் ஏற்கவில்லை. ஆனால் அவர் ஒலி இணைகளைப் பட்டியலிட்டு, பிறர் சரிபார்க்கும்படி முன்வைத்தார். வாதம் தோற்றாலும் அது வாதம். அந்த நேர்மையையாவது மேடைகளில் கேட்போம்.

இனி யாராவது ஓர் அயற்சொல்லைத் தமிழ் என்றால் மூன்று கேள்விகள் போதும். அந்தச் சொல்லின் மிகப் பழைய வடிவம் எது? ஒரு சொல்லோடு நிற்காமல் வரிசையாக வரும் ஒலி இணைகள் எவை? அது போன வழி எது, போன காலம் எது? மூன்றுக்கும் விடை வைத்திருப்பவர் பேசும்போது குறிப்பேட்டோடு உட்கார்ந்து கேட்கலாம். ஒன்றுக்கும் விடை இல்லாதவருக்குக் கைதட்டுவதை நிறுத்துவோம். தமிழ்ப்பற்று என்ற பெயரில் தமிழின் சாட்சியத்தைக் கெடுக்கும் உரிமையை யாருக்கும் நாம் எழுதிக் கொடுக்கவில்லை.